கசிந்தால் குற்றம், பூட்டினால் நிர்வாகம்: விசாரணை அறிக்கைகளும் ரகசியச் சட்டமும்

அரசாங்க ரகசியச் சட்டத்தைப் பற்றி எழுதுவோர் இந்தியச் சட்ட ஆணையத்தின் 43ஆவது அறிக்கையைத் தொடாமல் போவதில்லை. கே.வி.கே. சுந்தரம் தலைமையிலான ஆணையம் 1971இல் அளித்த அறிக்கை அது. அலுவல் ரகசியத்தை அனுமதியின்றி வெளியிடுவதைக் குற்றமாக்கும் 5ஆம் பிரிவு எவ்வளவு அகலமானது என்பதை ஆணையம் தயங்காமல் ஒப்புக்கொண்டது. தலைமைச் செயலகக் கோப்பில் ஓர் அலுவலர் எழுதும் குறிப்புகூட அந்த வலைக்குள் வரும், அத்தகைய செய்திகள் அன்றாடம் வெளியே போய்க்கொண்டுதான் இருக்கின்றன, அவற்றில் பல நாட்டின் பாதுகாப்பைத் தொடுவதே இல்லை என்று அதுவே சொன்னது. பிரிவைச் சுருக்கலாமா என்ற கேள்வியையும் எழுப்பியது. கடைசியில் சுருக்கத் தேவையில்லை என்று முடித்தது. அதற்கு அது சொன்ன காரணம் இது: அரசின் ஆணையோ அதிகாரமோ இல்லாமல் எந்த நீதிமன்றமும் வழக்கை எடுக்க முடியாது, தீங்கற்ற கசிவு என்றால் அரசு அனுமதி மறுத்துவிடும்.

பின்னால் வந்தவர்களில் பலர் 5ஆம் பிரிவைக் கடுமையாகச் சாடினார்கள். இரண்டாம் பத்திரிகை ஆணையம் 1982இல் அதை நீக்கச் சொன்னது. இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006இல் சட்டத்தையே நீக்கச் சொன்னது. ஆனால் 43ஆவது அறிக்கை அரணாகக் காட்டிய அந்த அனுமதி, தனியே எடுத்து ஆராயப்பட்டது குறைவு. இக்கட்டுரை ஆராய்வது அந்த ஓரிடத்தைத்தான். அனுமதி ஒரு தடுப்பு என்று ஆணையம் வாசித்தது. கசிவால் யார் முகம் சிவந்ததோ அவர் கையிலேயே சாட்டையைக் கொடுக்கும் ஏற்பாடு அது என்பது என் வாசிப்பு.

அந்த அனுமதியைப் பேசும் 13ஆம் பிரிவைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். அதன் 3ஆம் உட்பிரிவு, ‘உரிய அரசு’ புகார் செய்தாலன்றி நீதிமன்றம் குற்றத்தைக் கவனத்தில் எடுக்கக் கூடாது என்கிறது. உரிய அரசு எது? அதற்கான விடை 5ஆம் உட்பிரிவில் இருக்கிறது. 5ஆம் பிரிவின் குற்றமாக இருந்து, தடைசெய்யப்பட்ட இடத்தோடும் அயல்நாட்டு அரசோடும் அதற்குத் தொடர்பில்லை என்றால் உரிய அரசு மாநில அரசு. மற்ற குற்றங்களுக்கெல்லாம் மத்திய அரசு. அதாவது உளவு, ராணுவம், எல்லை ஆகியவை தில்லியின் பொறுப்பு. உள்ளூர்க் கோப்பு கசிந்தால் மாநிலத்தின் பொறுப்பு. மாகாணம், மத்தி எனப் பிரித்துப் பேசும் இந்த நடை 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்துக்குப் பிந்திய தழுவல்களின் சாயலில் இருக்கிறது. மூலச் சட்டம் 1923ஆம் ஆண்டுக்குரியது என்பதால் இது பின்னாளில் படிந்த அடுக்கு என்று ஊகிக்கிறேன்; அதன் நாளை இங்கே அறுதியிடவில்லை. நாள் எதுவானாலும் விளைவு ஒன்றே. நாட்டுப் பாதுகாப்போடு தொடர்பே இல்லை என்று சட்டமே ஒதுக்கிவைக்கும் வகைக் கசிவில்தான், கோப்பின் சொந்தக்காரரும் புகார்தாரரும் ஒருவராகிறார்கள். 43ஆவது அறிக்கை இந்த இணைப்பைக் கணக்கில் எடுத்திருந்தால், அனுமதியை இவ்வளவு நம்பியிருக்காது.

பின்னணி தெரிந்ததுதான். 1889இல் முதல் சட்டம்; 1904இல் கர்சன் காலத்தில் கோகலேயின் எதிர்ப்பை மீறி விரிவாக்கம்; 1923இல் இன்றுள்ள சட்டம்; 1967இல் 5ஆம் பிரிவின் தண்டனை மூன்றாண்டுச் சிறை வரை உயர்ந்தது. 5ஆம் பிரிவுக்கு முன்மாதிரியான 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் விதியை, நமது ஆணையம் அறிக்கை தந்த மறு ஆண்டே, 1972இல், பிராங்க்ஸ் குழு குறைகூறியது. அந்த விதியின் கீழ் குற்றம்சாட்டப்பட்ட கிளைவ் பான்டிங் என்ற பாதுகாப்புத் துறை அதிகாரியை 1985இல் ஜூரிகள் விடுவித்தார்கள். 1989இல் பிரிட்டன் அந்த விதியைக் கைவிட்டது. நம்மிடம் அது அப்படியே தங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் என் வாசிப்புக்கு உரைகல் திருச்செந்தூர் விவகாரம். கோயிலின் சரிபார்ப்பு அதிகாரி சுப்பிரமணிய பிள்ளை 1980 நவம்பர் 26 அன்று இறந்து கிடந்தார். தற்கொலை என்றது ஒரு தரப்பு, கொலை என்றது மறு தரப்பு. எம்.ஜி.ஆர். அரசு நீதிபதி சி.ஜே.ஆர். பால் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தது. கமிஷன் அறிக்கை தந்தது. அரசு அதை வெளியிடுவதற்கு முன்பே எதிர்க்கட்சித் தலைவர் மு. கருணாநிதி பகிரங்கப்படுத்திவிட்டார். கொலை என்பதே அறிக்கையின் முடிவு. அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். கைதானவர்கள் மொழிபெயர்ப்புத் துறை அலுவலர் ஒருவரும் கருணாநிதியின் உதவியாளரும். அறிக்கையை நாடறிய வெளியிட்டவரை விட்டுவிட்டு, அது கைமாறியதாகச் சொல்லப்பட்ட வழியில் இருந்தவர்கள் மேல் கை விழுந்தது. 1982 பிப்ரவரியில் கருணாநிதி நீதி கேட்டு மதுரையிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தார். அன்று ராமநாதபுரம் மாவட்டமாக இருந்து 1985இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு பிரிந்த கரிசல் பூமியைக் கடக்காமல் அந்த நடை முடியாது. 1977இல் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய அருப்புக்கோட்டையும் இங்கேதான் இருக்கிறது. மறைக்கப்பட்ட ஓர் அறிக்கை இந்தச் சாலையோர ஊர்களின் பேச்சாக மாறியது அந்தக் கசிவினால்தான்.

அறிக்கை அரசிடம் எத்தனை நாள் இருந்தது என்ற கேள்வி எழும். விசாரணைக் கமிஷன்கள் சட்டத்தில் 1971இல் சேர்த்த திருத்தப்படி, அறிக்கை கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். கெடு முடிந்த பிறகு கசிந்ததென்றால் அரசின் நிலை பலவீனம், முன்பே கசிந்ததென்றால் பலம் என்று வாதிடலாம். என் பார்வையில் அந்தக் கணக்கு எதையும் மாற்றாது. கெடுவைத் தாண்டிய அரசுக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை ஏதுமில்லை. வெளியே கொடுத்தவருக்கு மூன்றாண்டு வரை சிறை; உள்ளே பூட்டியவருக்கு ஒரு ரூபாய் அபராதமும் கிடையாது. ஆறு மாதக் கெடு பிறந்ததும், 5ஆம் பிரிவைச் சுருக்க வேண்டாம் என்ற அறிக்கை வந்ததும் ஒரே ஆண்டில். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

திருச்செந்தூரை வைத்துத் தனிமனிதர் மீது பழிபோடுவது பிழை என்பதற்கு 2008 சாட்சி. அப்போது முதல்வர் நாற்காலியில் கருணாநிதி. தலைமைச் செயலரும் லஞ்ச ஒழிப்புத் துறை இயக்குநரும் தொலைபேசியில் பேசியது ஏப்ரலில் நாளிதழில் எழுத்தாக வந்தது. நீதிபதி பி. சண்முகம் தலைமையில் கமிஷன் அமைந்தது. லஞ்ச ஒழிப்புத் துறையின் அமைச்சுப் பணியாளர் ஒருவர் கைதானார். நீண்ட வழக்குக்குப் பின் 2017இல் விடுதலையானார். அதே 2008 ஆகஸ்டில், லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து மாநில அரசு விலக்கு அளித்தது. கசிவுதான் விலக்குக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை, காலவரிசையை மட்டும் முன்வைக்கிறேன். திருச்செந்தூர் விவகாரத்தில் கசிவை மக்கள் உரிமையாகக் கண்ட கட்சியின் ஆட்சியிலும், நடவடிக்கையின் சுமை கீழ்நிலைப் பணியாளரிடம்தான் போய் நின்றது.

மேல்மட்டத்துக் கசிவுகளின் கதை வேறு. இந்திரா காந்தி கொலையை விசாரித்த தக்கர் கமிஷனின் அறிக்கையை மறைக்க 1986இல் விசாரணைக் கமிஷன்கள் சட்டமே திருத்தப்பட்டது. 1989 மார்ச்சில் பகுதிகள் பத்திரிகையில் வந்ததும் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை 1997 நவம்பரில் இதழ் ஒன்றில் கசிந்து குஜ்ரால் அரசையே கவிழ்த்தது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் 13 பேர் உயிரிழந்த துப்பாக்கிச்சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் அறிக்கை, 2022 மே மாதம் அரசிடம் தரப்பட்டு, ஆகஸ்டில் ‘ஃபிரண்ட்லைன்’ இதழில் கசிந்து, அக்டோபர் 18 அன்று பேரவையில் வைக்கப்பட்டது. கெடுவுக்குள் வைத்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் கசிவு அந்த அவசரத்துக்கு உதவவில்லை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பட்டாசு ஆலைகள் நிறைந்த சிவகாசி வட்டாரத்துக்கு வருவோம். கமிஷன், செயலகம் என்ற பெரிய சொற்கள் இங்கே அரிது. இங்கே அறிக்கை என்றால் விபத்து அறிக்கை. மருந்துக் கலவை அறையில் உராய்வு, வெடி, பக்கத்து அறைகள் தரைமட்டம், போர்மேனும் மேலாளரும் கைது, உரிமம் தற்காலிக ரத்து என்று ஒவ்வோர் ஆண்டும் செய்தி வரும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் வரை இறந்தார்கள். அவர்களில் காப்பாற்ற ஓடிவந்த அக்கம்பக்கத்தாரும் இருந்தார்கள். விபத்துக்கு முன்பே ஆய்வாளர் என்ன எழுதியிருந்தார், உள்குத்தகை கோப்பில் ஏறியிருந்ததா, அறைக்கு நாலு பேர் என்ற விதி மீறப்பட்டதாகக் குறிப்பு இருந்ததா என்பவைதான் இறந்தவர் வீட்டார் கேட்கும் கேள்விகள். நாக்பூரில் உள்ள மத்திய வெடிபொருள் அமைப்பு தந்த உரிமமா, மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) தந்த உரிமமா என்பதைப் பொறுத்துக் கோப்பு இருக்கும் அலுவலகமும் மாறும்.

தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் இரண்டு பிரிவுகளை இங்கே எடுத்துப் பார்க்கலாம். 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. நான் பேசுவது முந்தைய பாடத்தை. 90ஆம் பிரிவின்படி மாநில அரசு ஒரு விபத்தின் காரணத்தை விசாரிக்க ஆள் நியமிக்கலாம். விசாரித்தவர் அரசுக்கு அறிக்கை தர வேண்டும். அரசு, தகுந்ததென்று கருதினால், அதையோ அதன் பகுதிகளையோ வெளியிடலாம். இங்கே கெடு இல்லை. சட்டமன்றத்தில் வைக்கும் கடமையும் இல்லை. 118ஆம் பிரிவு ஆய்வாளரைப் பார்த்துப் பேசுகிறது. உற்பத்தி, வணிகம், வேலை முறை பற்றி அலுவல் வழியாக அறிந்ததை அவர் பணியிலும் ஓய்வுக்குப் பின்னும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எழுத்தில் ஒப்புதல் தந்து இந்தத் தடையைத் தளர்த்தக்கூடியவர் யார்? தொழிலின் உரிமையாளர். தொழிலாளியின் ஒப்புதல் பற்றி அங்கே பேச்சில்லை.

ரகசியச் சட்டத்தில் கண்ட அதே அமைப்பு, சிறு அளவில், ஆலை வாசலில் இருக்கிறது. அங்கே அனுமதி அரசின் கையில், இங்கே ஒப்புதல் முதலாளியின் கையில். அறைக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை ‘வேலை முறை’ என்று ஒரு நீதிமன்றம் கொள்ளுமா என்பது வாதத்துக்குரியது. மருந்துச் சேர்மானத்தின் அளவுகளைக் காக்க எழுதிய விதி அது, ஆட்கணக்கை மறைக்க எழுதியதல்ல என்று சொல்ல இடமுண்டு. நானும் அப்படியே வாசிக்க விரும்புகிறேன். ஆனால் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஓர் உதவி ஆய்வாளர் அந்த வாதத்தை நம்பித் தன் வேலையைப் பணயம் வைக்க மாட்டார். தண்டனை ஒருமுறைகூட விதிக்கப்படாமலேயே விதி தன் வேலையைச் செய்துவிடுகிறது. 43ஆவது அறிக்கை எண்ணிப் பார்த்தது நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளை மட்டுமே. வாய் திறக்காமல் போனவர்களை அது எண்ணவில்லை.

மறைத்துவைப்பதில் நியாயமே இல்லை என்பது என் நிலைப்பாடல்ல. புகார் கொடுத்த தொழிலாளியின் பெயரைக் காக்கும் 118ஏ பிரிவு 1987இல் சேர்ந்தது. அது வேண்டிய காப்பு. அறிக்கை கசிந்தால் சாட்சிகள் மிரட்டப்படலாம் என்பதும் உண்மை. அந்தக் காப்பு யாருக்காக என்பதுதான் வேறுபாடு.

2005க்குப் பின் நிலைமை மாறிவிட்டது என்று சொல்வோர் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு ரகசியச் சட்டத்தை மீறி நிற்கிறது. ரஃபேல் வழக்கில் 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம், கசிந்த ஆவணம் என்பதற்காகவே அதைப் பார்க்க மறுக்க முடியாது என்றது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தைப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே எடுத்துக்கொண்டு, நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. அந்தக் குழு அறிக்கை தர வேண்டியது தீர்ப்பாயத்திடம், துறையிடமல்ல. இவை பெரிய மாற்றங்கள்தாம். ஆனால் இவை எல்லாம் கேட்பவருக்கும் படிப்பவருக்கும் கிடைத்தவை. தகவல் உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழ் நல்லெண்ணத்தோடு செய்ததைக் காக்கிறது. மனு எதுவும் இல்லாமல் தானே முன்வந்து குறிப்பேட்டைக் கொடுத்தவர் அந்தக் குடைக்குள் வருவாரா என்பது ஐயமே. முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வராமல் அது ஆண்டுக்கணக்கில் கிடந்தது. வந்தாலும் அது காப்பது உரிய அதிகாரியிடம் தரும் புகாரைத்தான். பத்திரிகைக்கோ இறந்தவரின் வீட்டாருக்கோ கொடுத்ததை அல்ல.