அரக்கு வந்த வழி

குருபரப்பள்ளியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து மண்டப வாசலுக்கு வந்தால், படிக்கட்டின் இரண்டு பக்கமும் காலணிகள் குவிந்து கிடந்தன. அதில் ஷூ மட்டும் முப்பது நாற்பது ஜோடி இருக்கும். எல்லாம் கருப்பு. மாப்பிள்ளையோடு சிப்காட்டில் வேலை செய்கிற பையன்கள் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஒரே நேரத்தில் கிளம்பியதில், ஆளாளுக்கு ஒரு ஷூவைத் தூக்கி உள்ளே சைஸ் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வலது காலுக்கு ஏழும் இடது காலுக்கு எட்டும் போட்டு நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். என் ஜோடி மட்டும் தூரத்திலிருந்தே தெரிந்தது.

"இன்னா கலருப்பா இது?" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். நான் பதில் யோசிப்பதற்குள் அவர் வீட்டம்மா சொல்லிவிட்டார்: "அரக்கு. நம்ம முகூர்த்தப் பொடவ கலரு. மறந்துட்டியா?"

கடைக்காரர் அதை பர்கண்டி என்றார். பெட்டியில் ஆக்ஸ்பிளட் என்று போட்டிருந்தது, மாட்டு ரத்தம் என்று பொருள். எங்கள் தெருவில் மெரூன் என்பார்கள். இத்தனை பெயரில் சரியான பெயர் அந்த அம்மா சொன்னதுதான். புடவைக் கடையில் அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். புளூ என்று பெயர் சொல்லிக் கேட்கிற பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே வயதான நாம், ஷூ கடைக்குள் நுழைந்ததும் "கருப்பா, பிரவுனா?" என்ற கேள்வியோடு முடித்துக்கொள்கிறோம்.

என் ஜோடியை ஆம்பூரில் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் வாங்கினேன். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சரக்கு. ஆட்டுத்தோல். எந்த ஆடு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஓர் ஆட்டுத்தோல் அரக்கு நிற ஷூ ஆகும் வழி ஒன்றுதான், அந்த வழி அந்தக் கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது.

குருபரப்பள்ளிக்குப் பக்கத்து ஊர் குந்தாரப்பள்ளி. அங்கே வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. இருட்டு பிரியும் முன்பே சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வண்டிகளில் ஆடுகள் வந்து இறங்கும். வாங்குகிறவர்கள் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வருவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்த பேரம். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்திய வாரங்களில் கால் வைக்க இடமிருக்காது. வியாபாரி ஆட்டின் முதுகெலும்பைத் தடவிப் பார்ப்பார், இடுப்பைப் பிடித்து எடை மதிப்பார். தோலை யாரும் பார்ப்பதில்லை. விலை கறிக்குத்தான். வேலி முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, அம்மை வந்து ஆறிய வடு எல்லாம் அந்த முடிக்கு அடியில் அப்படியே இருக்கும். பின்னால் ஷூவின் நிறத்தை முடிவு செய்யப்போவது அந்தத் தழும்புகள்தான்.

கறி ஞாயிற்றுக்கிழமையோடு தீர்ந்துவிடும். தோலை உரித்த சில மணி நேரத்துக்குள் உப்புப் போட்டாக வேண்டும். தாமதித்தால் முடி கையோடு வரும், தோல் கெட்டுவிட்டது என்று அர்த்தம். உப்புப் போட்டு மடித்த தோல் மண்டிக்குப் போய், அங்கிருந்து கிருஷ்ணகிரி, பர்கூர், நாட்றம்பள்ளி வழியாக வாணியம்பாடிக்கோ ஆம்பூருக்கோ போகிறது. ஆம்பூர் என்றால் பிரியாணி என்கிற ஊரில், அதே ஆட்டின் சட்டைக்கு வேறொரு தொழில்.

அங்கே நடப்பதைச் சொல்லுமுன் ஒரு பழைய கதை. கருப்பும் பழுப்பும் ஏன் ஆண்களின் காலோடு ஒட்டிக்கொண்டன? ரசனையைக் காரணம் சொல்வதில் பாதிதான் உண்மை. பதினான்காம் லூயி மன்னர் சிவப்புக் குதிகால் வைத்த ஷூ போட்டுத்தான் ஓவியத்துக்கு நின்றார். மீதிக் காரணம் பட்டையிலும் காயிலும் இருக்கிறது. நம் பக்கத்தில் தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டை. கிருஷ்ணகிரிச் சாலையோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கிற அதே ஆவாரைதான். பட்டைச் சாற்றில் ஊறிய தோல் வெளிர் பழுப்பாக வரும், எண்ணெய் ஏறி வெயில்பட்டால் இன்னும் பழுக்கும். பழுப்பு வேண்டுமானால் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா விட்டால் போதும். கருப்பு வேண்டுமானால் இரும்பு. கடுக்காய் நீரில் இரும்புத் துரு சேர்ந்தால் மை ஆகிறதல்லவா, அதே வேதியியல்தான். தோலுக்குள் இருக்கிற துவர்ப்பை இரும்பு தொட்டவுடன் கருத்துவிடும். தோல் தானாகக் கொடுத்த நிறங்கள் இந்த இரண்டுதான். மற்றதெல்லாம் கேட்டு வாங்க வேண்டியவை.

இதில் ஒரு வேடிக்கை. ஆவாரம் பட்டைத் தோலில் வெளிச்சம் பட்டால் சிவப்பு ஏறும். அந்தக் காலத்துப் பதனிடுவோருக்கு அது பெரிய தலைவலி. சரக்கு லண்டன் போய்ச் சேருமுன் சிவந்துவிட்டால் விலை விழும். அதைத் தடுக்கத்தான் கடைசியில் கடுக்காய்க் கரைசலில் ஒரு முக்கு முக்கினார்கள். அவர்கள் விரட்டிய சிவப்புக்கு இன்று நான் கூடுதல் காசு கொடுத்திருக்கிறேன்.

லண்டன் என்றேன். சென்னை மாகாணம் நூறு ஆண்டுகளுக்கு மேல் அனுப்பியது பாதி முடிந்த தோலைத்தான். ஈ.ஐ. தோல், அதாவது ஈஸ்ட் இந்தியா தோல் என்று அதற்குப் பெயர், இன்று புவிசார் குறியீடும் உண்டு. நாற்றமும் வியர்வையும் நம்முடையவை. நிறம் ஏற்றி, மெருகேற்றி, ஷூவாக்கி விற்ற லாபம் அவர்களுடையது. 1912 வாக்கில் சென்னைக்குத் தெற்கே குரோம் லெதர் கம்பெனி வந்து குரோம்பேட்டை என்று ஓர் ஊருக்கே பெயர் கொடுத்தது. 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. அதற்குப் பிறகும் பாதித் தோல் கப்பலேறிக்கொண்டேதான் இருந்தது. 1972இல் சீதாராமையா குழு பாதி முடிந்த தோலின் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போடச் சொன்ன பிறகுதான் நிலைமை மாறியது. சாயத் தொட்டியும் தையல் மிஷினும் பாலாற்றங்கரையில் பெருகின. அந்த வகையில் ஷூவின் நிறம் நம் ஊருக்குக் குடிவந்தது நேற்றுத்தான். 2025 பட்ஜெட்டில், கடைசி மெருகு ஏறாத கிரஸ்ட் தோலுக்கு இருந்த 20 சதவீத ஏற்றுமதி வரியை எடுத்துவிட்டார்கள். சாயக்கூடங்களுக்கு இது நல்லதாக எனக்குப் படவில்லை.

இப்போது டேனரிக்குள் போவோம். சுண்ணாம்பிலும் சல்ஃபைடிலும் ஊறி முடி கழன்று, சதை சீவி, அமிலமும் உப்பும் ஏறிய தோல், வீட்டளவு பெரிய மர டிரம்மில் குரோமியம் உப்போடு சுழல்கிறது. பட்டையில் வாரக்கணக்கில் ஆனது இங்கே ஒரே நாளில் முடிகிறது. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற நீரில் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்காவிட்டால் வெந்தது. வெளியே வரும்போது எல்லாத் தோலும் ஒரே நிறம், ஈரமான வெளிர் நீலம். வெட் புளூ என்று தமிழிலும் அதே பெயர்தான். குந்தாரப்பள்ளியில் கருப்பு, வெள்ளை, செம்மறை என்று தனித்தனியாகக் கத்திய ஆடுகள் இங்கே ஒரே சாதி.

அடுத்து வருவது செலக்‌ஷன். சாய்வு மேசையில் வெளிச்சத்துக்கு எதிரே ஒவ்வொரு தோலாக விரித்து, அனுபவப்பட்டவர் ஒருவர் கையால் தடவி மூலையில் நம்பர் எழுதுகிறார். முள் கோடு, உண்ணிப் புள்ளி, நரம்புத் தடம் எல்லாம் இப்போது பட்டவர்த்தனமாகத் தெரியும். சுத்தமான தோல் மேல் நம்பருக்குப் போகும். வடு அதிகம் இருந்தால் கீழே இறங்கும். கீழே இறங்கியதில் பெரும்பங்கு கருப்புக்குத்தான் போகும். கருப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மேலே கனமாக ஒரு பூச்சு கொடுத்து டிசைன் அழுத்திவிட்டால், வடு இருந்த இடம் தோலுக்கே தெரியாது. வெளிர் நிறங்களில் ஒரு உண்ணிப் புள்ளி கூட ஒளியாது. அரக்கு நடுவில் நிற்கிறது. சின்னக் குறையைப் பொறுத்துக்கொள்ளும், பெரிய குறையைக் காட்டிக்கொடுத்துவிடும். கருப்பு ஷூ எல்லாம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. கருப்பில் நல்லதையும் மட்டத்தையும் கண்ணால் பிரிப்பது கடினம், அவ்வளவுதான்.

சாயம் ஏற்றுவது சமையல் மாதிரி. டிரம்மில் சுடுநீர், சிவப்புச் சாயம், அதில் பழுப்பு கொஞ்சம், கருப்பு ஒரு சிட்டிகை. சாயம் உள்ளே இறங்கியதும் எண்ணெய், கடைசியில் ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும். அடியில் இருக்கிற குரோம் நீலம் சிவப்பைக் கொஞ்சம் மங்க அடிக்கும். அதற்கும் கணக்குப் போட்டுத்தான் கலக்க வேண்டும். கருப்பு ஒரே தடவையில் முடிந்துவிடும். அரக்கு அப்படியில்லை. டிரம்மிலிருந்து ஒரு துண்டை வெட்டி, உலர்த்தி, ஷேடு கார்டோடு ஒரு விளக்குப் பெட்டிக்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். டியூப் லைட்டில் ஒத்துப்போன இரண்டு அரக்கு வெயிலில் சண்டை போடும்.

சிவப்புக்கு இன்னொரு கண்டமும் உண்டு. சில அசோ சாயங்களிலிருந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பிரிகின்றன என்று 1994இல் ஜெர்மனி அவற்றைத் தடை செய்தது. இந்தியா 1997இல் தடை செய்தது. சிவப்பு, ஆரஞ்சு, பழுப்புகளில் பல பழைய சாயங்கள் அதோடு ஒழிந்தன. சாயத்துக்கு மட்டுமல்ல, குரோமியத்துக்கும் கட்டுப்பாடு வந்தது: 2015 முதல் ஒரு கிலோ தோலில் அதன் நச்சு வடிவமான ஆறிணைதிறக் குரோமியம் மூன்று மில்லிகிராமைத் தொட்டாலே ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அந்தத் தோலை விற்க முடியாது. ஐரோப்பியர் காலுக்கு இத்தனை காவல். பாலாற்றுக்குக் காவல் வந்தது 1996இல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு. அதற்குள் பல ஊர்களின் கிணறுகள் உப்பாகிவிட்டன. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு, லட்சம் டன்னுக்கு மேல், வெகுகாலம் மலையாகவே கிடந்தது. அரக்கு ஷூவைப் புகழ்ந்து எழுதுகிறவன் இதைத் தாண்டிப் போகக்கூடாது.

சாயம் ஏறிய தோல் ஆம்பூர் ஷூ கம்பெனியின் கட்டிங் மேசைக்கு வருகிறது. ஓர் ஆட்டுத்தோலில் கழிவு போக ஏறக்குறைய இரண்டு ஜோடிக்கான மேல்தோல் தேறும். முதுகுப் பகுதி இறுக்கம், வயிற்றுப் பகுதி தளர்ச்சி. சாயம் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறாது. அதனால் நிறமுள்ள ஷூவுக்கு இடது முகப்பையும் வலது முகப்பையும் ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்தில் வெட்ட வேண்டும். அசந்தால் அண்ணன் ஒரு நிறம், தம்பி ஒரு நிறம். கருப்பில் இந்தக் கவலையே இல்லை. தைக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். புடவைக் கடையில் அரக்கையும் மெரூனையும் பிரித்துச் சொல்கிற அதே கண்கள்தான் இங்கே தையல் நூலின் நிறத்தையும் பார்க்கின்றன.

பிறகு சென்னைத் துறைமுகம். மிஞ்சியது நெடுஞ்சாலையோரக் கடை. அங்கிருந்து என் காலில், வந்த வழியே திரும்பி கிருஷ்ணகிரி தாண்டி குந்தாரப்பள்ளிச் சந்தையைக் கடந்து குருபரப்பள்ளிக்கு.

இந்தப் பகுதியில் அரக்குக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது. இங்கே செம்மண். மேலுமலைப் பக்கம் லாரி ஒன்று ஓரம் கட்டினால் போதும், கருப்பு ஷூ தூசி படிந்து வெளிறிவிடும். அரக்கில் அந்தத் தூசி ஒரு நாள் முழுக்கத் தெரியாது. தொல்லையும் உண்டு. பஸ் ஸ்டாண்டில் பாலிஷ் போடக் கொடுத்தேன். "கருப்பு, டேன் ரெண்டுதாண்ணா இருக்குது" என்றவர், நான் டீ குடித்து வருவதற்குள் டேனை அடித்துவிட்டார். முனை இரண்டும் மரவள்ளிக்கிழங்கு நிறம். அது போக ஒரு மாதம் ஆயிற்று. இப்போது நிறமில்லாத நியூட்ரல் பாலிஷ் டப்பா ஒன்றை நானே வைத்திருக்கிறேன். இன்னொன்று, நம் வீடுகளில் ஷூவுக்கு இடம் வாசல்தான். மேற்கு வெயில் விழுகிற வாசலானால் சிவப்பு வெளுத்துவிடும், உள்ளே தள்ளி வையுங்கள்.

கருப்பைத் தாண்ட நினைக்கிறவர் அரக்கில் தொடங்கலாம். நீல பேண்ட், சாம்பல் பேண்ட், ஜீன்ஸ் எல்லாவற்றுக்கும் போகும். ஆபீசில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது ஜோடி கரும்பச்சையாக இருக்கட்டும்; காக்கி, சந்தன நிற பேண்ட்டுகளுக்குப் போகும். கருநீலம் சாம்பல் பேண்ட்டோடு மட்டும் நன்றாக இருக்கும், நீலத்தோடு போட்டால் முயன்று தோற்ற மாதிரி தெரியும். வெள்ளை வேண்டாம். எண்பதுகளின் சினிமாவோடு அது போகட்டும். பெல்ட் அச்சு அசலாக அதே நிறத்தில் இருக்க வேண்டியதில்லை, அரக்குக்குக் கரும்பழுப்பு போதும்.

வாங்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். இரண்டு ஷூவையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்து, வெயிலில் முகப்புகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறமாக இல்லாவிட்டால், அவை ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்தில் வெட்டியவை அல்ல. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், வேறு ஜோடி கேளுங்கள்.