புகாரும் வெண்காடும்

காவிரி கடலொடு கலக்கும் இடத்தே புகார் என்னும் பேரூர் விளங்கிற்று என்பதைத் தமிழறிந்தார் அனைவரும் அறிவர். ஆயினும் அதனைக் காணச் செல்வோர் கடற்கரையில் சிறிது பொழுது நின்று மீள்கின்றனர். அடுத்துள்ள திருவெண்காட்டுக்குச் செல்வோரோ புதனை வழிபட்டு அவ்வளவில் ஊர் திரும்புகின்றனர். இவ்விரண்டும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகள். ஒன்றைக் காணாது மற்றொன்றின் அருமையை முற்றும் உணர்தல் அரிது.

சோழர் கடற்றுறையாகிய புகாரின் வளத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் விரித்துரைத்தார். கடல்வழி வந்த குதிரைகளும், குடமலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்தும், ஈழத்து உணவும் அத்துறையில் குவிந்தன. சுங்கம் கொள்வோர் பண்டங்களின்மேல் புலி இலச்சினை பொறித்தனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி என்னும் யவன அறிஞர் இத்துறையைக் 'கபேரிஸ்' என்று குறித்தார். இவை வெறும் புலவர் புனைவோ என ஐயுற்றார்க்கு, மத்திய அரசின் தொல்லியல் துறையினர் 1960களில் கீழையூரில் நிகழ்த்திய அகழாய்வு விடை தந்தது. படகுகள் அணையும் செங்கற்றுறையும், அவற்றைப் பிணித்தற்கு நட்ட மரத்தூண்களும் ஆங்கு வெளிப்பட்டன. அம்மரம் கி.மு. 3ஆம் நூற்றாண்டளவினது என ஆய்ந்து கூறினர். பல்லவனீச்சரத்தின் அருகே பௌத்தப் பள்ளியொன்றின் அடித்தளமும் காணப்பெற்றது. சமயங்கள் பலவும் ஒருங்கு வாழ்ந்த நகர் அது.

இந்நகரைக் கடல் கொண்டது என மணிமேகலை கூறும். எனினும் ஒரே நாளில் ஊர் முழுதும் அழிந்தொழிந்தது எனக் கொள்ளற்க. கி.பி. 7ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தப் பிள்ளையார் பல்லவனீச்சரத்தைப் பட்டினத்துத் திருத்தலமாகவே பாடியருளினார். அண்மையிலுள்ள சாய்க்காடும் பாடல் பெற்றது. அடியார்க்கு இல்லை என்னாத வணிகராகிய இயற்பகை நாயனார் வாழ்ந்ததும் இப்புகாரே. வாணிகம் சுருங்கிய பின்னும் இங்கு வழிபாடு நின்று நிலவியது.

இத்தலங்களுக்கு அண்மையில் மணிக்கிராமம் என்னும் சிற்றூர் உண்டு. பண்டை வணிகர் குழு ஒன்றின் பெயரும் அதுவே. திருவெண்காட்டிலோ சூரியன், சந்திரன், அக்கினி பெயரால் முக்குளம் உள்ளன. சிலம்பில் தேவந்தி கண்ணகிக்கு உரைத்த சோமகுண்டமும் சூரியகுண்டமும் இவையே என்பாரும் உளர். அச்சுத களப்பாளர் மகப்பேறு வேண்டித் திருமுறையில் கயிறு சாத்தியபோது கிடைத்ததும் இத்தலத்துப் பதிகமே. அதன்படி இங்கு நீராடி வழிபட்டுப் பெற்ற மகவே, சுவேதவனப் பெருமாள் எனும் பிள்ளைத் திருநாமம் பூண்ட மெய்கண்டார். சிவஞானபோதம் அருளிய பெருமானை நமக்களித்த ஊர் இது.

முதலாம் இராசராசன் காலத்தில், 1011ஆம் ஆண்டளவில் எழுந்த இடபவாகனர் செப்புத் திருமேனியும் இத்தலத்ததே. இன்று அது தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் எழிலைக் கண்டு வியப்போர் அது எவ்வூர்த் தெய்வம் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவ்விரு ஊரையும் பிணிக்கும் பெயர் ஒன்று உண்டு. புகாரில் பெருவணிகர் குடியில் தோன்றிய பட்டினத்தடிகளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் திருவெண்காடர் என்பது. துறைமுகத்துச் செல்வர் தம் மகவுக்கு அயலூர் இறைவன் திருநாமத்தைச் சூட்டினர். அம்மகவே வளர்ந்து, காதற்ற ஊசி ஒன்றினால் செல்வ நிலையாமையை உணர்ந்து, மரக்கலத்துப் பொருளனைத்தும் துறந்தது என்பது மரபு.

புகாரின் பண்டசாலைகள் இன்று இல. காவிரியும் மெலிந்து ஒரு வாய்க்கால்போல் கடலை அடைகின்றது. வெண்காட்டில் விளக்கு எரிகின்றது. தலைமுறைதோறும் யாரோ எண்ணெய் வார்த்தமையால் அது எரிகின்றது. திருப்பணியும் குடமுழுக்கும் செய்வோர் இதனை எண்ணுக. தலயாத்திரை செல்லும் அன்பர்கள் கீழையூரில் பழந்துறை இருந்த மண்ணைக் கண்ட பின்னர் முக்குளத்தில் நீராடுவாராக. பெற்றது எது, நின்றது எது என்பது அவர்க்குத் தானே விளங்கும்.

திருச்சிற்றம்பலம்.