கன்னையாவின் துருத்தி

பஞ்சாபில் சீக்கியர்களின் கோட்டை நகரான ஆனந்த்பூரை மலைநாட்டு மன்னர்களின் படையும் முகலாயப் படையும் வளைத்திருந்த காலம், 1704–05. வெட்டுப்பட்டுக் கிடந்தவர்களின் நடுவே ஒரு சீக்கியர் தோல் துருத்தியைச் சுமந்து நடக்கிறார். முனகல் கேட்ட இடத்தில் குனிகிறார். துருத்தியின் வாயைச் சற்றே தளர்த்தி, காய்ந்த உதட்டில் தண்ணீர் விடுகிறார். கிடப்பவர் எந்தப் படை என்று பார்ப்பதில்லை. அவர் பாய் கன்னையா.

இத்தகைய கதைகளைச் சீக்கியர்கள் ‘சாக்கி’ என்பார்கள். நம் ‘சாட்சி’யும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. கன்னையா சாக்கியின் உயிர் தண்ணீரில் மட்டும் இல்லை, அதற்குப் பின் எழுந்த புகாரிலும் இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்து வீழ்த்திய எதிரியை இவர் தேற்றி எழுப்பிவிடுகிறார், நாளை அவன் மறுபடி வாளெடுத்து வருவான் என்று வீரர்கள் சீக்கியரின் பத்தாம் குரு கோபிந்த் சிங்கிடம் முறையிட்டார்கள். முற்றுகையில் பட்டினி கிடந்தவர்களின் கோபம் அது. அதில் நியாயமே இல்லையென்று தள்ளிவிட முடியாது. குரு அழைத்துக் கேட்டார். சீக்கியர் என்றோ முகலாயர் என்றோ தமக்கு யாரும் தெரியவில்லை, எல்லா முகத்திலும் குருவின் முகமே தெரிந்தது என்றார் கன்னையா. குரு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. காயத்துக்குப் போட மருந்தும் கொடுத்து அனுப்பினார்.

கன்னையா 1648-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் சோத்ராவில் பிறந்தவர். கோபிந்த் சிங்கின் தந்தை குரு தேக் பகதூரின் சீடர். அவர் வழிவந்தவர்கள் சேவாபந்திகள். கயிறு திரித்துப் பிழைத்தபடி தொண்டு செய்த அவர்கள், தங்கள் பெரியோர் வாழ்வைப் ‘பர்ச்சி’ என்னும் கதைகளாக எழுதி வைத்தார்கள். அவர்களுக்குக் கன்னையா எல்லாரிலும் இறைவனைக் கண்ட ஞானி.

நவீன காலம் அவருக்கு வேறு சட்டை போட்டது. 1859-இல் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தின் கோரத்தைச் சுவிஸ்காரர் ஆன்ரி துனான் கண்டார். அதன் விளைவாக 1863-இல் செஞ்சிலுவை இயக்கமும் அடுத்த ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையும் வந்தன. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே எங்கள் கன்னையா அதைச் செய்துவிட்டார் என்று சீக்கியர்கள் பேசவும் எழுதவும் தொடங்கினார்கள். பெருமிதம் நியாயமானதுதான். ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒன்று நழுவிவிடுகிறது. செஞ்சிலுவை எந்தப் பக்கமும் சாராதது. அதுவே அதற்குக் காப்பு. கன்னையாவோ குருவின் ஆள், முற்றுகைக்கு உள்ளே இருந்தவர். ஒரு பக்கத்தில் உறுதியாக நின்றுகொண்டே மறுபக்கத்துக்குத் தண்ணீர் கொடுத்தார். அதனால்தான் புகார் எழுந்தது.

இந்தச் சாக்கிகளைத் திரையில் காட்டுவதும் எளிதன்று. குருமாராக மனிதர் வேடமிட்டு நடிப்பதைச் சீக்கிய மரபு ஏற்பதில்லை. அதே முற்றுகைக் காலத்தைச் சொன்ன ‘சார் சாஹிப்ஜாதே’ (2014) கணினி அனிமேஷன் படமாக வந்ததும் இதையொட்டித்தான். சாக்கிகள் திரையைவிடத் தெருவில் மறுபிறவி எடுத்ததற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். தீட்சை பெற்ற சீக்கியரின் சமூகமான கால்சா தோன்றி 300 ஆண்டு நிறைந்த 1999-இல், கொசோவோ அகதிகளுக்கு உதவப் பிரிட்டனில் ரவி சிங் ‘கால்சா எய்ட்’ அமைப்பைத் தொடங்கினார். 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையில் மருத்துவமனைகளில் படுக்கை கிடைக்காதபோது, எல்லாருக்கும் இலவசமாக உணவிடும் லங்கர் பந்தியைப் போலவே காஜியாபாத் இந்திராபுரம் குருத்வாரா ‘ஆக்சிஜன் லங்கர்’ நடத்தியது. காரில் சாய்ந்தபடியே நோயாளிகள் சிலிண்டர்க் குழாயில் மூச்சு வாங்கினார்கள். துருத்தி இரும்பு உருளையாகிவிட்டது.

ஆனாலும் கன்னையாவுக்கு மிக நெருங்கிய காட்சி அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2020 நவம்பர் இறுதியில் தில்லி எல்லையில் அரங்கேறிவிட்டது என்றே சொல்ல வேண்டும். மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து டிராக்டர்களில் வந்த பஞ்சாப் விவசாயிகளைத் தடுப்புகளும் கண்ணீர்ப்புகையும் குளிர்காலத் தண்ணீர்ப் பீரங்கியும் எதிர்கொண்டன. சாலையிலேயே லங்கர் அடுப்புகள் மூண்டன. ரொட்டி சுட்டவர்கள் எந்தப் பக்கமும் சாராத தொண்டர்கள் அல்லர். நனைந்தவர்களும் அடிபட்டவர்களும் அவர்களே. அந்தப் பந்தியில் காவலர்களுக்கும் இடம் இருந்தது. முந்தைய நாள் பீரங்கியின் நீர் பட்ட கைகள், சீருடைக்காரர்களுக்குக் குடிதண்ணீர் நீட்டின.