ஒன்பது பேரும் கறுப்பர்கள்: பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், 1971

“நாங்கள் சாதி பார்ப்பதில்லை, திறமையை மட்டும்தான் பார்க்கிறோம்.” கல்லூரிச் சேர்க்கையிலும் வேலைக்கான நேர்காணலிலும் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் நம்மில் குறைவு. சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் திறமைசாலிகள் எல்லாரும் ஒரே தெருக்காரர்களாக இருப்பார்கள்.

1971 செப்டம்பர் 1 அன்று அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் அணியின் மேலாளரும் ஏறக்குறைய இதையே சொன்னார். அணியைத் தேர்வு செய்யும்போது நிறம் தன் கண்ணுக்குத் தெரியாது என்றார். ஒரு வேறுபாடு இருந்தது. அன்று அவர் களமிறக்கிய ஒன்பது பேரும் கறுப்பர்கள். அமெரிக்காவின் மேல்மட்டத் தொழில்முறை பேஸ்பாலில் அது முதல் முறை. அந்த அணி ஆறு வாரம் கழித்து உலகத் தொடரையும் வென்றது.

கறுப்பின மக்களின் வரலாறு நமக்கு அந்நியம் அல்ல. 1946ல் பாபாசாகேப் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972ல் பம்பாயில் நம் இளைஞர்கள் பிளாக் பேந்தர்ஸைப் பார்த்துத்தான் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நடந்த இந்தக் கதையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறோம்.

எழுதப்படாத விதி

பேஸ்பாலில் ஒரு அணிக்கு ஒன்பது பேர். கிரிக்கெட்டில் ‘பிளேயிங் லெவன்’ என்கிறோமே, அதுபோல அன்றைய ஆட்டத்துக்கான ஒன்பது பேரை ஒரு அட்டையில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். அந்த அட்டையை எழுதுகிறவர்தான் மேலாளர். யார் ஆடுவது, எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, பந்து எறிபவரை எப்போது மாற்றுவது எல்லாம் அவர் முடிவு.

1884க்குப் பிறகு 1947 வரை அந்த அட்டையில் ஒரு கறுப்பரின் பெயர்கூட இல்லை. அப்படி எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. நம் ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை என்று பலகையா மாட்டியிருந்தார்கள்? எழுதாத விதியைத்தான் எல்லாரும் மறக்காமல் கடைப்பிடிப்பார்கள்.

விலக்கப்பட்டவர்கள் ‘நீக்ரோ லீக்’ என்று தனியாக ஆடினார்கள். அதன் தலைநகரங்களில் ஒன்று பிட்ஸ்பர்க். இரும்பு ஆலைகள் நிறைந்த அந்த நகரத்தின் இரண்டு கறுப்பின அணிகள் ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ். இரண்டிலும் ஆடியவர் ஜாஷ் கிப்சன், அந்தக் காலத்தின் மிகப் பெரிய அடிதடி ஆட்டக்காரர்களில் ஒருவர். அதே ஊரின் வெள்ளையர் அணியான பைரேட்ஸில் அவருக்கு இடம் இல்லை. 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்துபோனார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15 அன்று, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் ஜாக்கி ராபின்சன் களமிறங்கினார். நிறத்தடை உடைந்தது. அந்தத் தடைக்கு எதிராகப் பல ஆண்டுகள் எழுதிய ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற கறுப்பின வார இதழும் வென்டெல் ஸ்மித் என்ற அதன் விளையாட்டுச் செய்தியாளரும் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்தவர்களே.

அந்த 1947ல் ராபின்சனை மிக மோசமாக வசைபாடியவர்கள் ஃபிலடெல்பியா ஃபிலிஸ் அணியினர். அதன் மேலாளரே முன்னின்று இன வசைகளைக் கத்தினார். ஃபிலிஸ் என்ற பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

உள்ளே வந்த பிறகு

கதவு திறந்துவிட்டது என்றால் சண்டை முடிந்தது என்று பொருள் இல்லை. எண்ணிக்கைக் கட்டுப்பாடு என்ற இரண்டாவது எழுதப்படாத விதி வந்தது. ஒரு அணியில் இத்தனை கறுப்பர்களுக்கு மேல் வேண்டாம், களத்தில் பாதிக்கு மேல் கறுப்பு முகம் தெரிந்தால் வெள்ளை ரசிகர்கள் டிக்கெட் வாங்க மாட்டார்கள் என்று முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். ஒன்பதில் ஐந்து பேர் கறுப்பர்களாக ஒரு அணி களமிறங்கவே 1954 ஆனது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதல் கறுப்பு வீரரை எடுத்தது 1959ல்தான்.

பைரேட்ஸ் வேறு வழியில் போனது. 1954 இறுதியில், டாட்ஜர்ஸ் கீழ்நிலை அணியில் வைத்திருந்த 20 வயது புவேர்ட்டோ ரிக்கோ இளைஞரை 4,000 டாலருக்கு எடுத்தது. அவர்தான் ரொபெர்டோ கிளெமென்டே. ஹோவி ஹாக் என்ற தேர்வாளர் கரீபியத் தீவுகளிலும் பனாமாவிலும் அலைந்து ஆள் தேடினார். மற்ற அணிகள் பார்க்க மறுத்த இடங்களில் பைரேட்ஸ் பார்த்தது. இதில் நியாய உணர்வு மட்டும் இல்லை, சிக்கனமும் இருந்தது. பின்னாளில் அணியின் தூணாகப் போகும் வில்லி ஸ்டார்ஜெல்லுக்குக் கொடுத்த ஒப்பந்தத் தொகை 1,500 டாலர்.

எடுக்கப்பட்டவர்கள் பட்டது வேறு கதை. 1950களில் ஃபுளோரிடாவில் பயிற்சி முகாம் நடக்கும். வெள்ளை வீரர்களுக்கு ஓட்டல், கறுப்பு வீரர்களுக்குக் கறுப்பர் குடியிருப்பில் யாராவது வீட்டில் இடம். பேருந்தில் போகும்போது வெள்ளையர்கள் இறங்கி உணவகத்தில் சாப்பிடுவார்கள், கறுப்பர்கள் பேருந்திலேயே காத்திருக்க வேண்டும். வெளியே கொண்டுவந்து தரும் சாப்பாட்டுக்கு நான் கை நீட்ட மாட்டேன் என்று கிளெமென்டே சண்டை பிடித்தார். இளம் ஸ்டார்ஜெல், டெக்சாஸில் கீழ்நிலை அணியில் ஆடியபோது, இன்றிரவு ஆடினால் சுட்டுவிடுவேன் என்று ஒருவன் துப்பாக்கியை நீட்டியதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்றிரவு அவர் ஆடினார்.

பத்திரிகைகள் கிளெமென்டேயின் ஆங்கில உச்சரிப்பை அப்படியே எழுத்துப் பிசகாகப் போட்டுக் கேலி செய்தன. பெயரையும் ‘பாப்’ என்று மாற்றின. ஆங்கிலம் சரளமாக வராததற்காக வகுப்பில் சிரிக்கப்பட்ட நம் மாணவர்களுக்கு இது புரியும்.

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பைரேட்ஸ் அணியில் அப்போது 11 கறுப்பு வீரர்கள், மற்ற எந்த அணியையும்விட அதிகம். 8ஆம் தேதி பருவத்தின் முதல் ஆட்டம், 9ஆம் தேதி கிங்கின் இறுதிச் சடங்கு. இரண்டு நாளும் ஆட மாட்டோம் என்று அவர்கள் மறுத்தார்கள். வெள்ளை வீரர்களும் உடன் நின்றார்கள். கடைசியில் எல்லா அணிகளின் தொடக்கமும் 10ஆம் தேதிக்குத் தள்ளிப் போனது. ஓர் அணியில் ஒரே ஒரு கறுப்பர் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? எண்ணிக்கை என்பது வெறும் பிரதிநிதித்துவக் கணக்கு அல்ல, வேண்டாம் என்று சொல்வதற்கான பலம்.

செப்டம்பர் 1

இனி அந்த இரவுக்கு வருவோம். த்ரீ ரிவர்ஸ் மைதானத்தில் சுமார் 11,000 பேர். எதிரணி அதே ஃபிலடெல்பியா ஃபிலிஸ். மேலாளர் டேனி மர்டா எழுதிய அட்டையில் இருந்தவர்கள்: ரென்னி ஸ்டெனெட், ஜீன் கிளைன்ஸ், ரொபெர்டோ கிளெமென்டே, வில்லி ஸ்டார்ஜெல், மேனி சாங்கியென், டேவ் கேஷ், அல் ஆலிவர், ஜாக்கி ஹெர்னாண்டஸ், பந்து எறிய டாக் எல்லிஸ். ஐந்து பேர் அமெரிக்கக் கறுப்பர்கள். மீதி நால்வரில் இருவர் பனாமா, ஒருவர் புவேர்ட்டோ ரிக்கோ, ஒருவர் கியூபா.

யாரும் அறிவிக்கவில்லை. ஆட்டம் தொடங்கிய பிறகுதான் டேவ் கேஷ் கவனித்துப் பக்கத்திலிருந்த ஆலிவரிடம் சொன்னார். எல்லிஸுக்கு அன்று பந்து சரியாக விழவில்லை, இரண்டாவது இன்னிங்ஸிலேயே அவரை மாற்றினார்கள். ஆக ஒன்பது பேரும் சேர்ந்து நின்றது சிறிது நேரம்தான். பைரேட்ஸ் 10-7 என்று வென்றது. பிட்ஸ்பர்க் நாளிதழ்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்ததால் சொந்த ஊரிலேயே பெரிய செய்தி ஆகவில்லை.

மர்டா உண்மையைத்தான் சொன்னார், அன்றைக்கு அவர் கையில் இருந்தவர்களில் சிறந்த ஒன்பது பேரை எழுதினார். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவர் கையில் இத்தனை கறுப்பு வீரர்கள் எப்படி இருந்தார்கள்? நிறம் பார்க்காததால் அல்ல. மற்றவர்கள் நிறம் பார்த்து ஒதுக்கியவர்களை பதினேழு ஆண்டுகள் தேடிப் போய்ச் சேர்த்ததால். தேடல் முதலில் நடந்தது, தகுதி பார்ப்பது பிறகு. முதல் பாதியை மறைத்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொல்வதுதான் ‘மெரிட்’ வாதத்தின் தந்திரம்.

அக்டோபர்

அந்தப் பருவத்தில் பைரேட்ஸ் 162 ஆட்டங்களில் 97 வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஸ்டார்ஜெல் 48 ஹோம் ரன் அடித்தார், எல்லிஸ் 19 ஆட்டங்களை வென்று கொடுத்தார். தேசிய லீக் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸை 3-1 என்று தோற்கடித்தார்கள். அதில் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தவர் பாப் ராபர்ட்சன். செப்டம்பர் 1 அன்று பெஞ்சில் உட்கார்ந்த வெள்ளை வீரர் அவர்.

உலகத் தொடர் என்பது ஏழு ஆட்டம், நான்கை வெல்பவருக்குக் கோப்பை. எதிரே பால்டிமோர் ஓரியோல்ஸ், முந்தைய ஆண்டின் சாம்பியன். அந்த ஆண்டு 101 வெற்றி. ஆளுக்கு 20 ஆட்டங்களுக்குக் குறையாமல் வென்ற பந்து எறிபவர்கள் நான்கு பேர். முதல் இரண்டு ஆட்டத்திலும் பைரேட்ஸ் தோற்றது: 5-3, 11-3. கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள்.

பிட்ஸ்பர்க்குக்குத் திரும்பி மூன்றையும் வென்றார்கள்: 5-1, 4-3, 4-0. நடுவில் உள்ளது உலகத் தொடர் வரலாற்றின் முதல் இரவு ஆட்டம். ஆறாவது ஆட்டத்தை பால்டிமோர் கூடுதல் இன்னிங்ஸில் 3-2 என்று பறித்தது. அக்டோபர் 17, ஏழாவது ஆட்டம். நான்காவது இன்னிங்ஸில் கிளெமென்டே ஹோம் ரன் அடித்தார். எட்டாவதில் புவேர்ட்டோ ரிக்கோக்காரர் ஹோசே பகான் அடித்த அடியில் ஸ்டார்ஜெல் ஓடி வந்து இரண்டாவது ரன் எடுத்தார். ஒன்பது இன்னிங்ஸும் தனியாகப் பந்து எறிந்தவர் ஸ்டீவ் பிளாஸ், வெள்ளையர். கடைசிப் பந்தைப் பிடித்து வீசியவர் கியூபாவின் ஜாக்கி ஹெர்னாண்டஸ், முதல் பேஸில் அதை வாங்கியவர் பாப் ராபர்ட்சன். 2-1.

ஏழு ஆட்டத்திலும் அடித்த கிளெமென்டேக்கு 37 வயது. சராசரி .414. தொடரின் சிறந்த வீரர் அவரே. வென்ற பிறகு தொலைக்காட்சி ஒலிவாங்கி முன்னால் வந்தவர் ஆங்கிலத்தில் தொடர்வதற்கு முன் ஸ்பானிய மொழியில் பேசினார். ஊரில் இருந்த தாய் தந்தையிடம் ஆசி கேட்டார். 17 ஆண்டுகள் தன் மொழியைக் கேலி செய்த நாட்டுக்கு அவர் கொடுத்த பதில் அது. அடுத்த ஆண்டு டிசம்பர் 31 அன்று, நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப் போன விமானம் விழுந்து இறந்தார்.

அட்டையை எழுதும் கை

இதோடு நிறுத்தினால் இனிப்பான கதையாக முடியும். நாம் நிறுத்தக் கூடாது.

ஒன்பது பேரும் கறுப்பர்களாக ஆடிய அந்த 1971ல், மேல்மட்ட அணிகளில் ஒன்றில்கூட கறுப்பு மேலாளர் இல்லை. பால்டிமோர் அணியில் ஃபிராங்க் ராபின்சன் என்ற மாபெரும் வீரர் ஆடிக்கொண்டிருந்தார். குளிர்கால லீக்கில் புவேர்ட்டோ ரிக்கோவில் ஏற்கெனவே மேலாளராக இருந்தவர். தகுதி இருந்தது, அனுபவம் இருந்தது, அழைப்பு இல்லை. 1972 அக்டோபர் 15 அன்று உலகத் தொடர் மேடையில் கௌரவிக்கப்பட்ட ஜாக்கி ராபின்சன், நன்றி சொல்லிவிட்டு, ஒரு கறுப்பரை மேலாளராகப் பார்க்கும் நாளில்தான் இன்னும் பெருமைப்படுவேன் என்று சொன்னார். ஒன்பது நாளில் இறந்துவிட்டார். ஃபிராங்க் ராபின்சன் முதல் கறுப்பு மேலாளராகக் களத்துக்கு வந்தது 1975ல், கிளீவ்லாந்து அணிக்கு. பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் முதல் கறுப்பு மேலாளர் களத்துக்கு வந்தது 2001ல். முப்பது ஆண்டுகள்!

நம் நாட்டிலும் இதைப் பார்த்திருக்கிறோம். பல்வங்கர் பாலூ 1911ல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். பூனாவில் அவருக்குத் தேநீர் வெளியே, தனி மண் குவளையில். இந்து அணிக்குப் பந்து வீச அவர் கை வேண்டும், தலைமைப் பதவிக்கு அவர் ஆகாது. 1923ல்தான் அவர் தம்பி விட்டல் தலைவரானார், அணி வென்றது.

இன்னொன்றும் உண்டு. கிடைத்தது தானாக நிலைத்து நிற்காது. 2022 உலகத் தொடரில் ஆடிய இரு அணிகளின் பட்டியலிலும் அமெரிக்காவில் பிறந்த கறுப்பு வீரர் ஒருவர்கூட இல்லை. 1950க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. இரண்டு அணிகளில் ஒன்று, ஃபிலடெல்பியா ஃபிலிஸ். யாரும் தடை போடவில்லை. சிறுவர் பேஸ்பால், பணம் கட்டி ஊர் ஊராகப் போய் ஆடும் பெற்றோரின் விளையாட்டாக மாறியது, அவ்வளவுதான். நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் கட்டணம் செய்யும் வேலையும் இதுதான்.

தோழர்களே, அடுத்த முறை யாராவது ‘திறமையை மட்டும் பார்க்கிறோம்’ என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். எங்கெல்லாம் தேடினீர்கள்? அட்டையை எழுதுவது யார்? முதல் கேள்விக்கு 1971 பைரேட்ஸிடம் பதில் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு அவர்களிடமும் இல்லை.