தாளும் நிரலும்

உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலின் 19 வரிகளை மனப்பாடமாகச் சொல்பவர்கள் உண்டு. தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பை அவர்களிலும் பலர் படித்திருக்கமாட்டார்கள். இது முழுமையானதன்று, உங்கள் இடத்து வழக்கத்துக்கேற்பச் சேர்த்தும் மாற்றியும் கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளுக்கான கட்டற்ற மென்பொருளான ஓபன்எம்ஆர்எஸின் உரிமக் கோப்பைத் திறந்தால் அங்கும் ஏறக்குறைய இதே பேச்சுதான்: எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், ஆனால் பிழையே இராது என்று எழுதியவர்கள் உத்தரவாதம் தரவில்லை. இரண்டும் தம் குறையை முன்கூட்டியே ஒப்புக்கொள்கின்றன. திருத்தும் உரிமையைப் பயன்படுத்துபவர் கையிலேயே கொடுத்துவிடுகின்றன. மருத்துவத்தில் இந்த அடக்கம் அடிக்கடி காணக் கிடைப்பதில்லை. கட்டற்ற மென்பொருள் என்றதும் ‘இலவசம்தானே’ என்று கேட்பவர்கள் அதன் மிகச் சிறிய சிறப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இரண்டின் தேவையையும் உணர்த்தியவை விபத்துகள். 1935 அக்டோபர் 30 அன்று ஒஹையோவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 விமானம் எழும்பிய சற்று நேரத்தில் விழுந்தது. விமானத்தைத் திருப்பும் அசையும் பரப்புகளைப் பூட்டி வைத்திருந்த தடையை விடுவிக்கத் தேர்ந்த விமானி மறந்துபோனார். விமானிகள் பட்டியலைக் கையில் எடுத்தது அதன் பிறகுதான். 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சுக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிரைப் பாய்ச்சியது. அதன் நிரலைப் பல ஆண்டுகளாக எழுதியவர் ஒரே ஒருவர். அங்கே விமானத்தில் பழுதில்லை, மனிதரின் நினைவு தவறியது. இங்கே கருவியை இயக்கியவர் மேல் தவறில்லை, நிரல் தவறியது.

தெராக்-25 கதையில் டெக்சஸின் டைலர் நகரத்துக் காட்சி ஒன்று நின்று பார்க்கத்தக்கது. கருவியை இயக்கியவர் வேலையில் தேர்ந்தவர், விரல்கள் வேகமாக ஓடும். எலக்ட்ரான் கற்றைக்கான ‘இ’ தட்டவேண்டிய இடத்தில் பழக்கத்தில் எக்ஸ்-கதிருக்கான ‘எக்ஸ்’ தட்டிவிட்டு, மேலே போய்ச் சட்டென்று திருத்தினார். கற்றையை வளைக்கும் காந்தங்கள் அமைய ஏறத்தாழ எட்டு வினாடி வேண்டும். அதற்குள் திருத்தம் முடிந்துவிட்டதால் கருவி அதைக் கவனிக்கவேயில்லை. திரையில் வந்தது ‘பழுது 54’ என்ற ஒற்றை வரி. மருத்துவமனையின் இயற்பியலாளரும் அந்த ஊழியரும் சேர்ந்து உட்கார்ந்து, தட்டும் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து அந்தப் பிழையை வரவழைத்தார்கள். நிரலைப் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. பூட்டிய வீட்டின் சுவரைத் தட்டித் தட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகித்தார்கள் என்றே சொல்லவேண்டும்.

தாளுக்கு ஒரு குரல் உண்டு, நிரலுக்கு அது இல்லை. கத்தி படுவதற்கு முன் குழுவினர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லவேண்டும் என்கிறது பட்டியல். தினமும் முகம் பார்க்கும் ஆட்கள் இப்படிச் சொல்லிக்கொள்வது நாடகம்போலத் தோன்றும். ஆனால் ஒருமுறை வாய் திறந்துவிட்ட செவிலியர், சந்தேகம் எழும்போது மறுபடியும் வாய் திறக்கத் தயங்கமாட்டார். நிரலில் இதே வேலையை எழுத்து செய்கிறது: எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது பதிவாகிக் கிடக்கும். தலைமை மருத்துவரை நிறுத்தச் செவிலியருக்கு இடம் கிடைப்பதுபோல, மூத்தவர் எழுதிய வரிக்குத் திருத்தம் அனுப்ப முகம் தெரியாத மாணவருக்கும் இடம் கிடைக்கிறது. தாளின் பிழை ஓர் ஆபரேஷன் தியேட்டரோடு நிற்கும். நிரலின் பிழை அதை நிறுவிய இடமெல்லாம் போகும், திருத்தமும் அதே வழியில் போகும்.

எண்களுக்கு வருவோம். அம்மான், புதுதில்லி, இஃபகாரா, சியாட்டில் உட்பட எட்டு நகரங்களில் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. பட்டியல் வந்தபின் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. 2014 மார்ச்சில் கனடாவின் ஒண்டாரியோவில் 101 மருத்துவமனைகளின் கணக்கு வந்தது: பட்டியலுக்கு முன் இறப்பு 0.71 விழுக்காடு, பிறகு 0.65. புள்ளியியல்படி அதை மாற்றம் என்று சொல்லமுடியாது. இத்தனைக்கும் அந்த மருத்துவமனைகள் பட்டியலை ஏறத்தாழ முழுமையாகக் கடைப்பிடித்ததாகவே தெரிவித்திருந்தன. அடுத்த மாதமே கட்டற்ற உலகுக்கும் அடி விழுந்தது. இணையத் தொடர்புகளைக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை இரண்டு ஆண்டுகளாகத் திறந்து கிடந்தது தெரியவந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றிருந்த நிரலை அந்த இடத்தில் கூர்ந்து படித்தவர் இல்லை. ஒண்டாரியோவில் இறப்பு முன்பே குறைவு என்ற நியாயமான மறுப்பு உண்டு. இருந்தாலும் டிக் போட்ட தாளும் திறந்து வைத்த நிரலும் ஒரே நோயில் விழுந்தன என்றே எனக்குப் படுகிறது.

இரண்டும் கலந்த இடம் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் விஸ்டா மென்பொருள். கான்சஸின் டொபீகாவில் செவிலியர் ஒருவர், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் பார்கோடு படிப்பதைப் பார்த்தார், மருந்துக்கு ஏன் இது கூடாது என்று கேட்டார். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு என்று செவிலியர்கள் மனத்துக்குள் சொல்லிக்கொண்ட பட்டியல் அப்படித்தான் நிரலாயிற்று. விஸ்டாவின் மூலநிரல் பொதுச்சொத்து. அதன் மேல்தான் ஜோர்தானின் மின்னணு மருத்துவப் பதிவுத் திட்டமான ‘ஹக்கீம்’ எழுந்தது. ஹக்கீமை முதலில் ஏற்ற இடங்களில் ஒன்று அம்மானின் இளவரசர் ஹம்சா மருத்துவமனை. எட்டு நகர ஆய்வில் அம்மானுக்காகப் பட்டியலைச் சோதித்ததும் இதே மருத்துவமனைதான்.

பார்கோடும் தப்பவில்லை. ஐந்து மருத்துவமனைகளைப் பார்த்து 2008-இல் வெளியான ஆய்வு, செவிலியர்கள் கையாண்ட 15 வகைக் குறுக்குவழிகளையும் அவற்றுக்கான 31 காரணங்களையும் எடுத்துக்காட்டியது. நோயாளியின் மணிக்கட்டில் இருக்கவேண்டிய பார்கோட்டின் நகல் கதவு நிலையிலும் தள்ளுவண்டியிலும் ஒட்டியிருந்தது. நனைந்துபோன பட்டை, நோயாளி மென்றுவிட்ட பட்டை, சார்ஜ் இறங்கிய கருவி, கிடைக்காத சிக்னல் என்று காரணங்கள் நீள்கின்றன. இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. எழுதி அனுப்பப்படாத பிழை அறிக்கைகள் அவை. தாளானால் பேனாவால் அன்றே திருத்தலாம். திறந்த நிரலானால், கேட்க ஒருவர் இருந்தால், அடுத்த பதிப்பில் திருத்தலாம்.

ஒரு வித்தியாசத்தில் என் தீர்ப்பு தாளின் பக்கமே. எவ்வளவு திறந்த நிரலானாலும் படுக்கையில் இருப்பவருக்கு அதில் பேச இடமில்லை. பட்டியலின் முதல் வரியோ அவரிடம்தான் தொடங்குகிறது: பெயர், செய்யப்போகும் சிகிச்சை, உடலில் எந்த இடம், சம்மதம். ஆகவே தியேட்டர் வாசலில் மூன்றாவது முறையாக உங்கள் பெயரைக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். யாருமே கேட்காவிட்டால், மயக்க மருந்து ஏறுமுன் நீங்களே சொல்லிவிடுங்கள், இடது காலா வலது காலா என்பதையும் சேர்த்து.