கூடாரத்தில் தங்கிய குடும்பங்கள்

மனநோய் வந்தவரை வீட்டிலிருந்து பிரித்து மதிலுக்குள் வைப்பதே வைத்தியம் என்ற எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியது காலனி ஆட்சியில்தான். 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலண்டைன் கானலி சென்னையில் மனநோயாளிகளுக்கென ஒரு காப்பகம் தொடங்கினார். 1871-இல் அரசின் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. 1858, 1912 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நோயாளியைச் சேர்ப்பதில் மாஜிஸ்திரேட்டின் உத்தரவுக்கு முதன்மை தந்தன. குடும்பத்தின் பங்கு வாசலோடு முடிந்தது. உள்ளே போனவர் திரும்பி வந்தால் அவரோடு எப்படி வாழ்வது என்று வீட்டாருக்குச் சொல்லித்தர யாருமில்லை.

இதைத் திருப்பிப்போட்டவர் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்த வித்யா சாகர். 1950-களில் அவர் வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் உறவினர்களை அங்கே தங்கவைத்தார். சிகிச்சை அவர்கள் கண்முன் நடந்தது. நேற்றுவரை அடங்காதவன், சொல்பேச்சு கேளாதவன் என்று திட்டிய தகப்பன், மகனின் நடத்தைக்கு நோயே காரணம் என்று அங்கே நேரில் அறிந்தார். பக்கத்துக் கூடாரத்திலும் அதே துயரம் இருந்ததால் வெட்கம் குறைந்தது. என் பார்வையில் வித்யா சாகர் செய்தவற்றில் பெரியது இதுதான்: கவனித்துக்கொள்பவருக்கும் ஆதரவு தேவை என்பதை நம் நாட்டு மருத்துவம் நடைமுறையில் ஒப்புக்கொண்டது. 1957-இல் வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாகவே வைத்துக்கொண்டது.

மருத்துவமனையின் ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழிக்கு இவ்வளவு பெருமையா என்று கேட்கலாம். பற்றாக்குறை உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் செவிலியருக்குப் பதிலாக ஓர் ஆளை நிறுத்துவது மட்டுமே நோக்கமென்றால், அந்த ஆளுக்கு நோயைப் பற்றி விளக்க வேண்டிய தேவையே இல்லை. இங்கே விளக்கினார்கள், பேசவைத்தார்கள், வீடு திரும்பியபின் செய்யவேண்டியதைப் பழக்கினார்கள். வேலைப்பளுவைக் குறைக்க நினைப்பவர் இத்தனை பாடுபட மாட்டார்.

இன்னொரு கேள்வி கனமானது. குடும்பமே கைவிட்டால்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். அப்படிப்பட்ட இடங்களுக்குப் பலரைக் கொண்டுவந்து விட்டது சொந்த வீட்டார்தான். இதை வைத்துக் குடும்பத்தை நம்பாதே என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் ஏர்வாடி தர்காவின் நிழலில் குணமாகும் என்று நம்பி வந்தவர்களுக்கு, தங்கள் ஊருக்கு அருகே மருந்தும் இல்லை, கேட்டால் பதில் சொல்ல ஒரு மருத்துவரும் இல்லை. கூடாரம் அடித்துத் தராத ஊரில்தான் சங்கிலி விலைபோனது. அதற்காக எல்லாக் குடும்பமும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. அடிக்கிற, சொத்துக்காகப் பைத்தியம் என்று முத்திரை குத்துகிற வீடுகளும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்ததோடு, வயதுவந்த எவரும் தமக்காகப் பேசும் பிரதிநிதியைத் தாமே எழுத்தில் நியமிக்கலாம் என்றும் சொல்கிறது. அவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம்பிக்கைக்குரிய ஒரு நண்பர் போதும்.