சூழல் மாறிகளும் வலைச் சேவையகமும்: ஒரு சம்பிரதாயத்தின் குணதோஷங்கள்

உலாவியிடமிருந்து வந்த வேண்டுகோளைப் பற்றிய விவரங்களை, வலைச் சேவையகமானது தான் ஏவுகின்ற வேறொரு நிரலுக்கு எவ்வழியாக ஒப்படைப்பது என்ற பிரச்சினைக்கு, 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. நிலையத்தின் சேவையகம் கண்ட பரிகாரமே சி.ஜி.ஐ. என்னும் சம்பிரதாயம். 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே ஒவ்வொரு செயல்முறைக்கும் பெயரும் மதிப்புமாக அமைந்த சூழல் மாறிகள் உண்டு. தாய்ச் செயல்முறை அவற்றைத் தன் சேய்க்கு அளிக்கும், அது தன் சேய்க்கு அளிக்கும். இருந்த இந்த ஏற்பாட்டையே சி.ஜி.ஐ. சுவீகரித்துக்கொண்டது. அந்தச் சுவீகாரம் புத்திசாலித்தனமானது. ஆயினும் அந்நியர் எழுதியனுப்பிய சொற்களையும் இயந்திரத்தின் நிர்வாகி அமைத்த சொற்களையும் ஒரே தொகுதியில் கலந்துவிட்டதனால் அதில் ஒரு மூலதோஷம் புகுந்துவிட்டது என்பது என் துணிபு.

தேடல் நிரலொன்றுக்கு 'மதுரை' என்ற சொல்லை ஒருவர் அனுப்புவதாகக் கொள்வோம். சேவையகம் அந்நிரலைத் தொடங்குமுன், ரிக்வெஸ்ட்_மெத்தட் என்ற மாறியில் வேண்டுகோளின் வகையையும், குவெரி_ஸ்ட்ரிங் என்பதில் முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னுள்ள பகுதியையும் இட்டுவைக்கிறது. இப்பகுதியைக் குறிவிலக்காமல் வந்தபடியே கொடுக்கவேண்டுமென்பது விதியாதலால், யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள் கொண்ட அச்சொல், சதவீதக் குறிகளோடு 45 எழுத்துகளாக நீண்டு நிரலைச் சேர்கிறது. 'போஸ்ட்' முறையில் வரும் உள்ளடக்கம் மட்டும் நிலையான உள்ளீட்டின் வழியே செல்லும். அதன் நீளத்தைக் கன்டென்ட்_லெங்த் சொல்லும். சி, பெர்ல், ஷெல் என எம்மொழியில் எழுதிய நிரலானாலும் விசேஷ நூலகம் எதுவுமின்றி இவற்றைப் படித்துக்கொள்ளலாம் என்ற அனுகூலமே இம்முறையை உலகெங்கும் பரப்பியது. 2004இல் ஆர்.எஃப்.சி. 3875 இதை ஆவணமாக்கியபோது, பழக்கம் பத்தாண்டுகளைக் கடந்திருந்தது.

இனி தோஷத்தைப் பார்ப்போம். உலாவி அனுப்பும் தலைப்பு வரியின் பெயர், பெரிய எழுத்துகளாகி, இணைப்புக்கோடு அடிக்கோடாகி, 'எச்டிடிபி_' என்ற முன்னொட்டுடன் மாறியாகிறது. 'பிராக்ஸி' என்றொரு தலைப்பு வரியை யாரேனும் அனுப்பினால், எச்டிடிபி_பிராக்ஸி என்ற மாறி பிறக்கும். துரதிருஷ்டவசமாக, வெளியே செல்லும் இணைப்புகள் எந்த இடையகத்தின் வழியே போகவேண்டுமென்று பல நூலகங்கள் தெரிந்துகொள்ளும் மாறியும் அதுவே. ஆகவே நிரலின் போக்குவரத்தை அந்நியர் தம் இயந்திரத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். பெர்ல் மொழியின் வலை நூலகம் 2001லேயே இதற்குப் பரிகாரம் தேடியது. கர்ல் என்னும் கருவி இன்றும் அப்பெயரைச் சிறிய எழுத்தில் மட்டுமே ஏற்கிறது. அப்படியிருந்தும் 2016இல் 'எச்டிடிபாக்ஸி' என்ற பெயரோடு இது மீண்டும் வெளிப்பட்டு, பிஎச்பி, கோ, பைத்தான் நிரல்களைப் பாதித்தது.

2014இன் 'ஷெல்ஷாக்' இதனினும் பயங்கரமானது. மாறியொன்றின் மதிப்பு செயற்கூற்று வரையறைபோல் தொடங்கினால், அதன் பின்னே ஒட்டியிருந்த கட்டளைகளையும் பாஷ் ஷெல் நிறைவேற்றிவிட்டது. உலாவியின் பெயரைச் சொல்லும் தலைப்பு வரியே அதற்குப் போதும். பழி முழுவதும் பாஷினுடையது என்பார் உளர். பிழை அதனுடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்நியரின் எழுத்து அங்கே சென்றது எவ்வாறு? பாஷில் எழுதப்படாத நிரலுங்கூட ஏதோவொரு சிறுகாரியத்துக்கு ஷெல்லை ஏவும்போது, சூழல் முழுவதையும் பிதிரார்ஜிதமாகக் கொடுத்துவிடுகிறது. எந்த மதிப்பு எவரிடமிருந்து வந்தது என்ற அடையாளம் அதில் கிடையாது.

இக்கலப்பைத் தவிர்க்க வழியுண்டு. பைத்தான் உலகம் 2003இல் வகுத்த டபிள்யூஎஸ்ஜிஐ என்னும் இடைமுகம், சி.ஜி.ஐ.யின் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றைச் செயல்முறையின் சூழலிலிருந்து எடுத்து, வேண்டுகோளுக்கொன்றாக அமைந்த தனி அகராதியில் இட்டது. எச்டிடிபாக்ஸி வெளிப்பட்டபோது பைத்தானில் ஆபத்து நேர்ந்தது, நிரலைப் பழைய சி.ஜி.ஐ. வழியாகவே ஓட்டியவர்களுக்குத்தான். பெயர்களில் குற்றமில்லை, வாகனத்தில்தான் குற்றம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. இன்னும் சி.ஜி.ஐ. நிரல்களை நடத்திவருவோர், 'பிராக்ஸி' தலைப்பு வரியைச் சேவையகத்தின் வாயிலிலேயே நீக்கிவிடும்படி அமைத்துக்கொள்வது அவசியம்; அப்பாச்சி சேவையகத்தில் அதற்கு ஒரே வரி போதும்.